சிறுவர் கையில் மோட்டார் சைக்கிள்

தோட்டப்புற வாழ்வில் மோட்டார் சைக்கிள் இன்று இன்றியமையாத பொருளாகிவிட்டது. விடியுமுன் நிரைக்குச் செல்லவும், வெட்டிய பாலை நிலையத்திற்குக் கொண்டு சேர்க்கவும், பட்டணத்துக் கடைக்கும் மருத்துவமனைக்கும் சென்று வரவும் அது உற்ற துணையாய் உதவுகிறது. பேருந்து எட்டிப் பாராத இடங்களில் அதுவே குடும்பத்தின் கால் எனலாம். ஆகவே, மோட்டார் சைக்கிளைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. பத்து, பன்னிரண்டு, பதினான்கு வயதுப் பிள்ளைகள் லயத்துச் சாலைகளிலும் தாமான் தெருக்களிலும் அதனை ஓட்டித் திரியும் வழக்கத்தைப் பற்றியே இங்கு நாம் ஆராய விரும்புகிறோம்.

இவ்வழக்கம் புதியதன்று. புதியதன்று என்பதனாலேயே அது கண்ணுக்கு உறுத்தாமற் போயிற்று. "நம் தோட்டத்துச் சாலைதானே, யார் வரப்போகிறார்கள்?" என்று பெரியவர் கூறுவதும், "என் பையன் எட்டு வயதிலேயே ஓட்டப் பழகிவிட்டான்" என்று தந்தையர் சிலர் பெருமை கொள்வதும் நாம் அறிந்ததே. அப்பெருமைக்கு நாம் கொடுக்க நேரும் விலை யாது என்பதைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்த்தல் நலம்.

காட்டுக்கு இசைந்த வண்டி

சிறுவர் கைக்கு முதலில் எட்டுவது புதிய வண்டியன்று. கப்சாய் என்று நாம் அழைக்கும் சிறு மோட்டார் சைக்கிள்களில் பழையனவற்றை வாங்கி, தோட்டத்து வேலைக்கென்றே மாற்றியமைத்து வைத்திருப்போர் பலர். மலாய் மொழியில் 'மோட்டோர் கெபுன்' எனப்படும் இவ்வண்டிகளில் முன்விளக்கு இராது, கண்ணாடி இராது, எண் பலகையும் இராது. சேற்றில் வழுக்காதிருக்கப் பெரிய பற்களையுடைய டயர் பூட்டப்பட்டிருக்கும். சிலர் பின்சக்கரத்தில் சங்கிலியும் சுற்றுவர். சாலை வரி எப்பொழுதோ காலாவதியாகியிருக்கும்.

செம்பனைக் காட்டினுள்ளும் ரப்பர் நிரைகளுக்கிடையிலும் பெரியவர் ஒருவர் மெதுவாக ஓட்டிச் செல்வதற்கு இது பயன்படலாம். ஆனால் காட்டுப்பாதைக்கு உதவும் அதே டயர் தார்ச்சாலையில் பகையாகிறது. பற்களின் முனைகள் மட்டுமே தாரைத் தொடுவதால் பிடிமானம் குறைகிறது. வளைவில் திருப்பும்போது பற்கள் நெளிகின்றன. பிரேக் பிடித்தால் வண்டி எதிர்பார்த்த இடத்தில் நிற்பதில்லை. பழைய கப்சாய்களில் உள்ள உருளைப் பிரேக்குகள் நீரிலும் சேற்றிலும் நனைந்தபின் சற்று நேரம் பிடிப்பதே இல்லை. காட்டிலிருந்து வெளிப்பட்ட இத்தகைய வண்டியில் சிறுவன் ஒருவன் இரு நண்பர்களையும் ஏற்றிக்கொண்டு, குழந்தைகள் விளையாடும் தெருவில் விரைந்து வருவானாயின், அங்கே விபத்து நேராதிருப்பதுதான் வியப்பு.

வண்டியின் எடையும் சிறுவனின் வலிமையும்

கப்சாய் 'சிறிய' வண்டி என்று பெயர் பெற்றிருப்பினும், அதன் எடை ஏறத்தாழ 100 கிலோகிராம். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனின் எடை அதில் பாதியளவும் இராது. இருக்கையில் அமர்ந்தால் அவன் கால்கள் தரையில் முழுமையாக ஊன்றுவதில்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வரையில் இக்குறை வெளிப்படாது. நிற்கும்போதும், சாயும்போதும், திடீரென ஒதுங்க வேண்டியபோதும் வெளிப்படும். சாயும் வண்டியைத் தாங்கிப் பிடிக்க அவன் கால்களுக்கு வலிமை போதாது. சூடேறிய புகைக்குழாயின் அடியில் கால் சிக்கித் தீப்புண் ஏற்படுவது இவ்வாறுதான்.

கண்ணும் மனமும் சம்பந்தப்பட்ட குறை இதனினும் பெரிது. எதிரே வரும் வாகனம் எவ்வளவு தொலைவில் உள்ளது, எவ்வளவு விரைவாக நெருங்குகிறது என்பதைக் கணிக்கும் ஆற்றல் வளர்ந்தோர்க்கு உள்ளது போல் சிறுவர்க்கு வாய்ப்பதில்லை. ஆபத்தை முன்கூட்டி எண்ணித் தன்னை அடக்கிக்கொள்ளும் மூளைப் பகுதி இருபது வயதுக்குப் பின்னும் வளர்ந்துகொண்டே இருப்பதாக மருத்துவ அறிவியல் கூறுகிறது. ஆதலால், ஓட்டத் தெரிந்த பிள்ளை வேறு. ஓட்டும் பக்குவம் பெற்ற பிள்ளை வேறு. கியர் மாற்றவும் முறுக்கிச் செல்லவும் ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொள்ளலாம். எங்கே முறுக்காதிருக்க வேண்டும் என்பதைக் கற்கப் பல ஆண்டுகள் வேண்டும்.

வேகத்தின் கணக்கு

பள்ளியில் படித்த எளிய கணக்கு ஒன்றை இங்கு நினைவுகூர்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஒரு விநாடியில் ஏறத்தாழ 8 மீட்டர் தூரம் கடக்கிறது. சாலையில் ஒரு குழந்தை குறுக்கிடுவதைக் கண்டு, மனம் அதை உணர்ந்து, கை பிரேக்கை அழுத்துவதற்கு ஒரு விநாடியேனும் செல்லும். அந்த 8 மீட்டர் தூரமும் வண்டி வேகம் குறையாமலே ஓடிவிடுகிறது. அதன் பின்னர், உலர்ந்த தார்ச்சாலையில் நல்ல பிரேக் உள்ள வண்டி நிற்பதற்கு மேலும் 7 மீட்டர் அளவு தேவை. ஆக 15 மீட்டர்.

வேகம் இருமடங்கானால் தூரமும் இருமடங்காகும் எனப் பலர் எண்ணுவர். அது தவறு. பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஓட்டுபவர் உணரும் ஒரு விநாடியில் 17 மீட்டரும், பிரேக் பிடித்தபின் 28 மீட்டரும் ஓடி, 45 மீட்டர் கடந்தே நிற்கும். பிடிமானம் பாதியாகக் குறையும் செம்மண் சாலையிலோ இதுவே 70 மீட்டருக்கு மேலாகும். அஃதாவது, கால்பந்துத் திடலின் நீளத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு. கப்சாய் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேலும் ஓடக்கூடியது என்பதையும் இத்துடன் சேர்த்து எண்ணுக.

மோதலின் வலிமையை வேறொரு வகையாலும் உணரலாம். 30 கிலோமீட்டர் வேகத்தில் சுவரிலோ மரத்திலோ மோதுவது, மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுவதற்கு ஒப்பாகும். லயத்து வீட்டின் கூரையிலிருந்து விழுவது போல என்று கொள்ளலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவதோ 14 மீட்டர், அஃதாவது நான்கு மாடி உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பு. தம் பிள்ளையை நான்காம் மாடியின் விளிம்பில் நின்று விளையாட எந்தத் தாயும் விடமாட்டாள். ஆனால், அதே பிள்ளை தலைக்கவசமின்றி மோட்டார் சைக்கிளில் விரையும்போது, வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அடிபடுவோர் யாவர்?

லயத்துச் சாலை வெறும் பாதையன்று. அது பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல். மூதாட்டியர்க்கு மாலைநேரத் திண்ணை. கோழிக்கும் நாய்க்கும் முற்றம். ஆயாக் கொட்டகைக்கும், கோயிலுக்கும், தமிழ்ப்பள்ளிக்கும், மளிகைக் கடைக்கும் செல்லும் வழியும் அதுவே. அங்கே நடைபாதை என்று தனியே ஒன்றில்லை. தாமான் தெருக்களிலும் நிலைமை வேறன்று. நிறுத்தியிருக்கும் கார்களுக்கிடையிலிருந்து குழந்தைகள் ஓடி வருவர். ஆகவே, சிறுவன் ஓட்டும் வண்டியால் துன்புறுபவன் அவன் மட்டுமல்லன். பின்னால் அமர்ந்த தம்பி, தெருவைக் கடக்கும் அடுத்த வீட்டுச் சிறுமி, தண்ணீர்க் குடத்துடன் வரும் பாட்டி ஆகிய அனைவரும் அவனுடைய ஒரு விநாடித் தவறுக்கு உள்ளாகின்றனர். பதின்மூன்று வயதில் ஓர் உயிரைப் பறித்துவிட்டோம் என்னும் நினைவோடு எஞ்சிய வாழ்நாளைக் கழிக்க வேண்டிய நிலையும் பிள்ளைக்கு நேரலாம். எந்தத் தந்தையும் தன் மகனுக்கு அத்தகைய சொத்தை வைத்துச் செல்ல விரும்பமாட்டார்.

தோட்டத்துச் சாலை என்றேனும் ஓரிடத்தில் முடிந்து, பெருஞ்சாலையைத் தொடுகிறது. லயத்தில் ஓட்டிப் பழகிய பிள்ளை அந்தச் சந்திப்புடன் திரும்பிவிடும் என எண்ணுவது வீண். பழகிய கை பெரிய சாலையையே நாடும். அங்கு லாரியும் பேருந்தும் அவனுக்காக வேகம் குறைத்து வருவதில்லை. மலேசியாவில் 2019ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 6,167 பேர் உயிரிழந்தனர். நம் நாட்டில் இவ்வாறு இறப்போரில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் செல்வோரே ஆவர்.

2017ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் பின்னிரவில் ஜொகூர் பாருவில் நிகழ்ந்ததை நாடு மறந்திராது. மாற்றியமைக்கப்பட்ட மிதிவண்டிகளில் கூட்டமாகச் சாலையில் சென்ற சிறுவர்மீது கார் ஒன்று மோதியதில், பதின்மூன்று முதல் பதினாறு வயது வரையிலான எட்டுப் பேர் மாண்டனர். அவை இயந்திரமற்ற மிதிவண்டிகளே. வழக்கு பல படிகளைக் கடந்து, 2023ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் காரோட்டிய பெண்மணியை விடுதலை செய்தது. நீதிமன்றம் எவ்வாறு தீர்ப்பளிப்பினும், விடிந்தபோது வீடு திரும்பாத பிள்ளைகளை அது திருப்பித் தர இயலாது. சாலைக்கு ஒவ்வாத வண்டியும், அதனை ஓட்டும் இளவயதும், யாரும் கண்காணியாத நேரமும் ஒன்றுசேர்வது எத்துணைக் கொடிது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

சட்டம் கூறுவது யாது?

1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இதனைத் தெளிவாக வரையறுத்துள்ளது. பதினாறு வயது நிரம்பாத எவரும் சாலையில் எந்த மோட்டார் வாகனத்தையும் ஓட்டலாகாது. பதினாறு வயது நிரம்பியவரும் முறைப்படி பயின்று உரிமம் பெற்ற பின்னரே மோட்டார் சைக்கிள் ஓட்டலாம். கார் ஓட்டுவதற்குப் பதினேழு வயது நிரம்பியிருத்தல் வேண்டும்.

பெற்றோர் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. உரிமமின்றி ஓட்டுவது மட்டுமன்று, உரிமம் இல்லாத ஒருவரை ஓட்ட அனுமதிப்பதும் அச்சட்டத்தின்படி குற்றமே. வண்டியைக் கொடுத்த தந்தையும், அண்ணனும், அடுத்த வீட்டுக்காரரும் இதில் அடங்குவர். மேலும், பிள்ளைக்கு உடலூறு நேரக்கூடிய வகையில் அதனைக் கவனியாது விடும் பெற்றோரோ பாதுகாவலரோ, 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 31ஆம் பிரிவின்கீழ் 50,000 வெள்ளி வரை அபராதமோ, 20 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படும் குற்றத்திற்கு ஆளாகக்கூடும்.

"தோட்டத்துச் சாலை தனியார் சாலை, அங்கே இச்சட்டம் ஏது?" என்று வாதிடுவோரும் உளர். தனியார் பராமரிக்கும் சாலைக்கும் பொதுச்சாலைக்கும் சாலைப் போக்குவரத்துச் சட்டம் வேறுபாடு காட்டுவது உண்மையே. ஆனால், சிறார் சட்டம் பிள்ளை எவ்விடத்திலிருந்தாலும் அதனைக் காக்கிறது. அன்றியும், பொதுச்சாலையில் உடையும் எலும்பு தோட்டத்துச் சாலையில் உடையாதிருக்குமோ? சட்டத்தின் எல்லை எங்கு முடிகிறது என்று தேடுவதைவிட, ஆபத்தின் எல்லை எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பதே பெற்றோர்க்கு அழகு.

குடும்பத்தின் மீது விழும் சுமை

விபத்துக்குப் பின் வரும் பணத்தொல்லையையும் கூறாதிருத்தல் தகாது. வேலைக்குச் செல்லும் வழியிலோ திரும்பும் வழியிலோ தொழிலாளி விபத்துக்குள்ளானால், 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சொக்சோ அவருக்கு உதவுகிறது. பள்ளி செல்லும் பிள்ளை தொழிலாளி அல்லன். அவன் விழுந்து கையையோ காலையோ இழந்தால், அவ்வுதவிக்கு வழியில்லை.

வண்டிக்குரிய காப்புறுதியின் நிலையும் இதுவே. உரிமமில்லாதவர் ஓட்டும்போது வண்டிக்கு நேரும் சேதத்திற்கு இழப்பீடு தரக் காப்புறுதி நிறுவனம் மறுக்க முடியும். சாலை வரியும் காப்புறுதியும் இல்லாத தோட்டத்து வண்டியாயின், கேட்பதற்கு நிறுவனமே இல்லை. காயமுற்ற பிறர் இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்தால், அச்சுமை குடும்பத்தின் சேமிப்பின் மீதே விழும். ஆண்டுக்கணக்கில் மரம் வெட்டிச் சேர்த்த பணம் ஒரு மாலைப்பொழுதில் கரைந்துவிடக்கூடும். ஒரு பிள்ளையின் மேற்படிப்புக்கென வைத்த பணம் மற்றொரு பிள்ளையின் அறுவைச் சிகிச்சைக்குச் செல்வதைக் காட்டிலும் துயரம் வேறில்லை.

பெற்றோர் கூறும் காரணங்கள்

பெற்றோர் பிள்ளையின்பால் அன்பின்றி வண்டியைக் கொடுப்பதில்லை என்பதை நாம் நன்கறிவோம். வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது. கடை மூன்று மைல் தொலைவு. தந்தை காட்டில் இருக்கிறார். தாய்க்கு ஓட்டத் தெரியாது. தங்கையைப் பள்ளியில் விட வேறு ஆளில்லை. இவை பொய்க்காரணங்கள் அல்ல. எனினும், இவற்றுக்கு விடை சிறுவனிடம் சாவியைக் கொடுப்பதன்று. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து பள்ளிக்கு ஒரு வேன் அமர்த்திக்கொள்ளலாம். கடைக்குச் செல்லும் வேலையை வாரத்திற்கு இருமுறை முறைவைத்து, அண்டைவீட்டார் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளலாம். தாய்மார் தாமே பயின்று உரிமம் பெறுவதும் சாலச் சிறந்தது. தாய் ஓட்டக் கற்றால், மகன் ஓட்ட வேண்டிய தேவையில் பாதி மறைந்துவிடும்.

"நாங்கள் எல்லாம் சிறுவயதில் ஓட்டியவர்கள்தாமே, எங்களுக்கு என்ன ஆகிவிட்டது?" என்பது மற்றொரு கேள்வி. பிழைத்தவர் மட்டுமே இக்கேள்வியைக் கேட்க முடியும். பிழையாதவர் கேட்க வருவதில்லை. அன்றைய சாலையில் ஓடிய வாகனங்களின் தொகையும் வேகமும் இன்றைய நிலையோடு ஒப்பிடத் தக்கன அல்ல.

"தடுத்தால் ஒளிந்து ஓட்டுகிறான்" என்போரும் உண்டு. பெரும்பாலும் இது நிகழ்வது பிற்பகலில். பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, குளித்து, உண்டு, பெற்றோர் அயர்ந்து உறங்கும் வேளை. சாவியோ கதவோரத்து ஆணியில் தொங்குகிறது. தும்பை விட்டு வாலைப் பிடிப்பதில் பயனில்லை. சாவியை எடுத்து வைப்பது எளிது, ஓடும் வண்டியைத் துரத்துவது அரிது.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, சாவி எப்பொழுதும் பெரியவர் வசமே இருத்தல் வேண்டும். சாவி இன்றிக் கம்பியை இணைத்து இயக்கும் பழைய தோட்டத்து வண்டியாயின், அதனைச் சங்கிலியிட்டுப் பூட்டி வைத்தல் நன்று.

இரண்டாவது, தோட்டத்து வண்டி காட்டு வேலைக்கு மட்டுமே என்று குடும்பத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும். பெரியவரே அதனைத் தெருவில் ஓட்டிக் காட்டினால், பிள்ளை அதனையே பாடமாகக் கொள்ளும்.

மூன்றாவது, பிள்ளையைப் பின்னால் ஏற்றிச் செல்லும்போதும் தலைக்கவசம் அணிவித்தல் வேண்டும். 1973ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் தலைக்கவச விதி பிறந்துவிட்டது. பெரியவரின் தலைக்கவசம் பிள்ளையின் தலையில் நில்லாது. விழும்போது அது முதலில் கழன்று ஓடிவிடும். ஆகவே, பிள்ளையின் தலைக்குப் பொருந்துவதாய், சிரிம் முத்திரை பெற்றதாய் வாங்கி, தாடைவாரை இறுக மாட்டிவிடுக. காலடி மிதியை எட்டாத குழந்தையைப் பின்னால் அமர்த்துவதைத் தவிர்த்தல் நலம்.

நான்காவது, இதனைத் தனிவீட்டுப் பிரச்சினையாக விட்டுவிடலாகாது. தோட்ட நிர்வாகமும், தொழிற்சங்கக் கிளையும், கோயில் நிர்வாகமும், பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் ஒன்றுகூடி, லயத்துச் சாலையின் இரு முனைகளிலும் ஆயாக் கொட்டகைக்கு அருகிலும் வேகத்தடை அமைக்கக் கோரலாம். மாலை வேளையில் பிள்ளைகள் ஆடுவதற்கு ஒரு திடலும் ஒரு பந்தும் இருக்குமாயின், மோட்டார் சைக்கிளின் கவர்ச்சி தானே குறையும்.

ஐந்தாவது, பதினாறு வயது நிரம்பிய பிள்ளையை உரிமம் பெறாமலே ஓட்டவிடாது, அருகிலுள்ள பயிற்சி நிலையத்தில் சேர்த்து முறையாகப் பயிலச் செய்க. விவரங்களைச் சாலைப் போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம். உரிமத்திற்குச் செலவிடும் பணம் வீண்செலவன்று.

விபத்து நேர்ந்துவிடின்

எத்துணைக் கவனமாக இருப்பினும் விபத்து நேரக்கூடும். அவ்வேளையில் பதற்றத்தால் செய்யும் உதவியே கேடாக முடிவதுண்டு. அடிபட்டவரைக் கையையும் காலையும் பற்றித் தூக்கி வண்டியில் போடலாகாது. முதுகெலும்போ கழுத்தெலும்போ முறிந்திருப்பின், அவ்வாறு தூக்குவதால் வாழ்நாள் முழுதும் நடக்க இயலாத நிலை ஏற்படலாம். உடனே 999 எண்ணுக்குத் தொலைபேசி வழி அழைத்து, தோட்டத்தின் பெயரையும், நுழையும் வழியையும் தெளிவாகக் கூறுக. பெருஞ்சாலைச் சந்திப்பில் ஒருவரை நிறுத்தி வைத்தால், அவசர ஊர்தி வழி தவறாது வந்து சேரும். குருதி வழியும் இடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடித்தல் வேண்டும். மூச்சுத் தடைப்பட்டாலன்றித் தலைக்கவசத்தைக் கழற்ற முயலற்க. மயங்கியவர்க்கு நீரோ காப்பியோ புகட்டலாகாது.

பெற்றோர்களே, நம் பிள்ளைகள் நம்மினும் உயர்ந்த வாழ்வு வாழ வேண்டும் என்பதற்காகவே கொசுக்கடியிலும் இருளிலும் நாம் நிரைக்குச் செல்கிறோம். அவர்கள் வண்டியோட்டும் காலம் வரத்தான் போகிறது. பதினாறு வயது வெகு தொலைவில் இல்லை. அதுவரையில் மகன் முகம் சுளிக்கலாம். அடுத்த வீட்டுப் பையன் ஓட்டுகிறானே என்று முறையிடலாம். அந்தச் சுளிப்பு இரண்டொரு நாளில் மறைந்துவிடும். இன்று மாலை வேலை முடிந்து வீடு திரும்பியதும், ஆணியில் தொங்கும் அச்சாவியை எடுத்துப் பிள்ளைகளின் கைக்கெட்டாத இடத்தில் வைப்போமாக.